டெடிங்டனில் கை நனைத்தேன்

பெண் பார்க்கப் போன வீட்டில் சோறு சாப்பிடக் கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். காபி குடிக்கலாம், பஜ்ஜி ஒன்றிரண்டு கடிக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. சோற்றில் கையை வைத்துவிட்டால் மட்டும் சம்மதம் சொன்னதாக அர்த்தம். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். மதுரையிலிருந்து அம்மா தொலைபேசியில் இதை நினைவுபடுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இருப்பது பாரிஸில். பெண் வீடு இருப்பது இங்கிலாந்தில், லண்டனை ஒட்டிய டெடிங்டனில். மாப்பிள்ளையாகப் போகிறவனாகச் சொல்லப்பட்ட என் தம்பியோ பாரிஸுக்கு வெளியே பொண்டி என்ற ஊரில் ஓர் ஒற்றை அறையில் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தான்.

“சிரிக்காதடி,” என்றார் அம்மா. “உனக்குப் பிடிச்சிருந்தாலும் வீட்டுக்கு வந்து கலந்து பேசிட்டுத்தான் சொல்லணும். காபியோட எந்திரிச்சு வந்துரு. கையை மட்டும் நனைச்சிறாத.”

இது 2012-இல். தம்பிக்கு இங்கிலாந்து விசா இல்லை. எனக்கு அலுவலக வேலையாக லண்டன் போய்வர எடுத்த விசா கையில் இருந்தது. அதனால் முதலில் அக்கா போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிவானது. என் கணவர், “உங்க குடும்ப விவகாரம், நான் பிள்ளைங்களைப் பாத்துக்கறேன்,” என்று அழகாக நழுவிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின மாலை பூவும் பழமும் வாங்க, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல்லுக்குப் போனேன். தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். கூடையைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஆருக்குப் பொம்பிளை பாக்கப் போறியள், தங்கச்சி? இஞ்சை நிக்கிற தம்பிக்கோ?”

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

“மல்லிகைப்பூவும் வெத்திலையும் கதலிப்பழமும் ஒண்டா வாங்கினா வேறை என்னத்துக்கு?” என்று சிரித்தவர், தம்பிக்கென்று ஒரு லட்டை எடுத்துக் கையில் வைத்தார். தம்பி சிரிக்கவில்லை. லட்டைத் தின்னவும் இல்லை.

பக்கத்து லூயி-பிளாங் தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் போட்டு உடைத்தான். கூட வேலை பார்க்கும் ஒரு பிரெஞ்சுப் பெண்ணை இரண்டு வருடமாகக் காதலிக்கிறானாம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிகிற வரை வாயைத் திறக்க முடியாதாம்.

“நீ சும்மா போய்ப் பாத்துட்டு வந்துருக்கா. ஜாதகம் சரியில்லைன்னு அப்புறம் ஏதாவது சொல்லிக்கலாம்.”

“அந்தப் பொண்ணு வீட்டுல ஆசையா இருப்பாங்கடா.”

“நீதான் சாப்பிடாம வந்துருவியே. அப்பவே அவங்களுக்குப் புரிஞ்சிரும்.”

அப்போதே பயணத்தை ரத்து செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் வேறொரு ஆசையும் இருந்தது. என் கல்யாணத்தில் நான் பெண் வீட்டுக்காரி. குனிந்து குனிந்து காபி கொடுத்தவள். மாப்பிள்ளை வீட்டுக்காரியாக ஒரு நாளாவது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசை அது.

விடியற்காலையில் ரயில் ஏறினேன். லண்டனில் இறங்கி ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தில் அது நடக்கவில்லை. டெடிங்டனில் இறங்கியபோது வயிற்றில் காபியைத் தவிர ஒன்றும் இல்லை. தெருவில் என் பெட்டியின் சக்கரச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமும் இல்லை. எனக்கே கூச்சமாகிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அம்மாவும் பெண்ணும் மட்டும். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த அம்மாள் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். பெண் மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். என்னைக் கண்டதும் அந்த அம்மாள் என் பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்து, பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சோபாவில் மூன்று குஷன்களை அடுக்கி என்னை உட்காரவைத்தார். நான் ஆசைப்பட்ட மரியாதை முழுவதும் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

“அம்மா பஜ்ஜி போடறதுக்குள்ள ஆத்தங்கரைக்குப் போயிட்டு வரலாமா அக்கா?” என்று கேட்டாள் பெண். தப்பித்தோம் என்று எழுந்துவிட்டேன்.

தேம்ஸ் அங்கே அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. கரையோரம் படகுகள் கட்டிக் கிடந்தன. நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, பேசாமலே கடந்து போனார்கள். தடுப்பணையிலிருந்து தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும் விடாமல் கேட்டது. நடைபாலத்தின் நடுவில் அவள் நின்றாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு உதவி வேணும். எங்க வீட்டுல சாப்பிடாம போயிடுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். லெஸ்டரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. இரண்டு முறை சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். அவளுக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. அவனுக்கும்தான். ஆனால் அவன் வேலை சின்னது என்று அம்மாவுக்குத் தயக்கம். பாரிஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அவர்கள் கை நனைக்காமல் போனால் லெஸ்டருக்குச் சரி சொல்லிவிடலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

“அம்மாட்ட நான் எதிர்த்துப் பேச மாட்டேன் அக்கா. அப்பா போனப்புறம் எனக்காகவே இருக்காங்க. நீங்க காபியோட கிளம்பிட்டா போதும்.”

இதைவிட நல்ல சேதி எனக்கு வேறென்ன வேண்டும்? அங்கே தம்பிக்கு விருப்பமில்லை, இங்கே இவளுக்கு விருப்பமில்லை. அவள் கையைப் பிடித்து, கவலைப்படாதேம்மா, என் தம்பிக்கும் வேறு விருப்பம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பியிருப்போம். நான் சொல்லவில்லை. “பாப்போம்மா,” என்று மட்டும் சொன்னேன். தம்பியின் ரகசியத்தை வெளியில் விடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. என் தம்பி அவளை வேண்டாம் என்று சொல்லலாம். அவள் எப்படி என் தம்பியை வேண்டாம் என்று சொல்லலாம்? லெஸ்டர்காரனைவிட அவன் எதில் குறைந்துவிட்டான்? பாலத்திலிருந்து வீடு வரைக்கும் இதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

திரும்பி வந்தபோது மேசையில் தட்டு வைத்திருந்தது. பஜ்ஜி தட்டு இல்லை, சாப்பாட்டுத் தட்டு. அந்த அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“முறை தெரியும்மா. கட்டாயப்படுத்தல. இதுக்கு முன்னாடி மூணு இடத்துலேருந்து வந்தாங்க, மூணு பேரும் காபியோட போயிட்டாங்க. நீங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. மனசு கேக்கல.”

அவர் மூடியைத் திறந்தார். வத்தக்குழம்பு. சுடுசோற்றின் ஆவி முகத்தில் அடித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாயில் எச்சில் ஊறியது. பெண் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. கரண்டியால் சாப்பிட்டால் கை நனையாதே! பசியும் ஆறும், வழக்கமும் மீறப்படாது. “ஒரு ஸ்பூன் குடுங்களேன்,” என்றேன், என்னவோ பாரிஸில் தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறவள் போல. கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வாய் சாப்பிட்டேன். அவர் முகம் வாடியது. சட்டம் படித்தவள் மாதிரி நான் கண்டுபிடித்த சந்து அவருக்கும் புரிந்திருந்தது.

“ஸ்பூன்ல சாப்பிட்டா வத்தக்குழம்பு ருசிக்காதும்மா,” என்றார், அவ்வளவு தணிந்த குரலில்.

ஸ்பூனைக் கீழே வைத்தேன். வலது கையைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றைப் பிசைந்தேன். அந்த அம்மாளின் கண் கலங்கியது. அப்பளம், உருளைக்கிழங்கு, தயிர் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. நான் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது சமையலறை வாசலில் பெண் இல்லை.

அந்த அம்மாள் நேர்மையானவர். ஒரே நேரத்தில் இரண்டு குடும்பத்தைக் காக்கவைப்பது முறையில்லை என்று நினைப்பவர். நான் லண்டன் போய் ரயில் ஏறுவதற்குள் லெஸ்டருக்குப் போன் செய்து, மன்னிக்க வேண்டும், வேறு இடம் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார். அடுத்த போன் மதுரைக்கு. இரவு நான் வீடு வந்து சேர்ந்தபோது அம்மா என்னைத் திட்டிக்கொண்டும் சந்தோஷப்பட்டுக்கொண்டும் இருந்தார். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். மறுநாளே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தம்பியின் காதலைச் சொல்லி டெடிங்டனுக்கு மறுப்புச் சொல்லும் வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. அம்மா தயங்கித் தயங்கி அதைச் சொல்வதற்குள் அவமானப்பட்ட லெஸ்டர் வீட்டார் பிள்ளைக்கு வேறு இடம் பேசி முடித்துவிட்டார்கள்.

ஏன் சாப்பிட்டாய் என்று கேட்ட கணவரிடம் பசி என்றேன். அம்மாவிடம், பாவமாக இருந்தது என்றேன். இரண்டும் பொய் இல்லை. ஆனால் ஸ்பூனைக் கீழே வைத்த நிமிடத்தில் என் மனத்தில் பசியோ பாவமோ இல்லை. வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து, என் தம்பியையா வேண்டாம் என்கிறாய் என்ற வீம்புதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண்ணே என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் இடைமறித்தாள்.

“அதெல்லாம் வேண்டாம் அக்கா. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். உங்க தம்பிக்கு வேற விருப்பம் இருக்குன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?”

பிறகுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

“வர்றதுக்கு முந்தின நாள்.”

“அப்போ பாலத்துல நிக்கும்போதே தெரியும்.”

“தெரியும்மா.”

 அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நான் எல்லாத்தையும் சொன்னேனே அக்கா. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க முன்னாடியிருந்து அந்தத் தட்டை நானே எடுத்துட்டுப் போயிருப்பேனே.”