அந்த அறைக்குள் நான் போகவில்லை

என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். குரல் கட்டை. மாதம் ஒருமுறை த்ரெட்டிங் செய்யாவிட்டால் மேலுதட்டில் முடி தெரியும். ஒரு பெண் குழந்தையைப் பெற்று இரண்டு வருடம் பால் கொடுத்த உடம்பு இது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் இல்லை நான். வடமாலபேட்டையில் சங்கராந்திக்கு நடந்த பெண்கள் கபடிப் போட்டிக்குப் பிறகுதான் சொல்லவேண்டி வந்தது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரப் பக்கம், சத்தியவேட்டில் வீடு. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் கேபிள் பொருத்தும் வேலை. அங்கே வேலைபார்க்கும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கபடி அணி வைத்திருந்தோம். கேப்டன் நான், எதிரணிப் பக்கம் ரெய்டு போவதும் பெரும்பாலும் நான்தான். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக ஏரிப்பக்கத்து மைதானத்துக்குப் போய்விடுவோம்.

தொழிற்சாலையில் எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு திருநங்கை ஒருநாள் அந்த மைதானத்துக்கு வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். தானும் ஆடவேண்டும் என்றாள். நான் முடியாது என்றேன். இது பொம்பளைங்க டீம் என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நானும் அதுக்குத்தாங்க்கா வந்துகிறேன்" என்றாள்.

அவள் போகவில்லை. தினமும் வந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தாள். எங்களுக்குள் பேச்சு கிளம்பியது. பையனாக வளர்ந்த உடம்புக்கு வலு அதிகம் இருக்காதா, அது மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். என் மூட்டும் தோளும் தேய்ந்து நான் சம்பாதித்த இடம் இது. அதை ஒரு மரியாதைக்காகக் கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் ஆள் குறைந்தது. வேறு வழியில்லாமல் அவளை, ரெய்டு வருபவரின் காலைப் பிடிக்கும் இடது கார்னரில் நிறுத்தினேன். முதல் ரெய்டில் என் கணுக்காலைப் பிடிக்க வந்தாள். உதறிய வேகத்தில் போய் விழுந்தாள், முழங்கை தோல் உரிந்தது. எழுந்து அதே இடத்தில் நின்றாள். அடுத்த இரண்டு தடவையும் விழுந்தாள். நான்காவது தடவை பிடித்த காலை விடவில்லை.

அன்றைக்கு அவள் எடை ஐம்பத்திரண்டு கிலோ. என் எடை எழுபத்தொன்று. "அஞ்சு வருஷமா ஹார்மோன் மாத்திர துன்றேன்க்கா. முந்தி தூக்கின மூட்டய இப்ப தூக்க முடியாது" என்று அவளே சொன்னாள். எல்லோருக்கும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு ஆறடியில் ஒருத்தி வந்து நின்றால் என்ன சொல்வேன் என்றும் தெரியாது. இவள் எங்களோடு ஆடலாம் என்பது மட்டும் மூன்று மாதப் பயிற்சியில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவளுடைய ஆதாரில் பெண் என்று இருந்தது. அதைக் கொடுத்துத்தான் பெயர் பதிந்தோம்.

வடமாலபேட்டையில் அரையிறுதி வரை வந்துவிட்டோம். எதிரே திருப்பதியிலிருந்து வந்த அணி. முதல் பாதியில் நான் போன ரெய்டுகளில் ஒன்பது புள்ளி கிடைத்தது. இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கமிட்டிக்காரர் ஒருவரும் எதிரணியின் மேனேஜரும் எங்களிடம் வந்தார்கள். எங்கள் அணியில் பெண் அல்லாத ஒருவர் ஆடுவதாகப் புகார் வந்திருக்கிறது என்றார்கள். கமிட்டிக்காரர் எங்கள் வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளைத் தாண்டி வந்தார். என்னிடம் வந்ததும் பார்வை நின்றது.

"ஆ பொடுகு அம்மாயேனா?" என்று மேனேஜரிடம் தெலுங்கில் கேட்டார். அந்த உயரமான பெண்தானா என்று. மேனேஜர் தலையாட்டினார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கே ஒரு நர்சம்மா இருக்கிறார், இரண்டு நிமிடம் போய்க் காட்டிவிட்டு வந்தால் ஆட்டத்தைத் தொடரலாம் என்றார். டீக்கடைக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தேன்.

அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. அந்த அறைக்குப் போய் வரலாம். இல்லையென்றால், நான் இல்லை, அவள்தான் என்று கை காட்டலாம். இரண்டாவது வழி ஒரு கணம் என் மனதில் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் வாய் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள். "அவங்க இல்ல சார். நான்தான்" என்றாள்.

கமிட்டிக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தார் போல. அப்படியென்றால் இரண்டு பேரும் வாருங்கள் என்றார்.

அந்த வார்த்தையில்தான் நான் தெளிந்தேன். "யாரும் வரமாட்டோம். ஆதார் குடுத்துகிறோம், எடை பாத்துட்டீங்க. ஒடம்ப அவுத்துக் காட்டிட்டு கபடி ஆடணும்னா நீங்க ஆடிக்குங்க" என்றேன். என் குரல் கட்டைக்குரல் என்றேன் இல்லையா, மைதானத்தின் கடைசி வரை கேட்டது. நான்கைந்து பேர் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

எதிரணியின் கேப்டன் என்னைத் தனியாக ஓரம் அழைத்தாள். என்னைவிடச் சின்னவள். நான்கு வருடம் வீட்டில் சண்டை போட்டு ஆட வந்தவள் என்று சொன்னாள். "நமக்குக் கெடச்சதே இத்துணூண்டு எடம்க்கா. அதுலயும் வலுவான ஆளா வந்து நின்னா எங்க பொண்ணுங்க எங்க போவாங்க?" என்றாள்.

அவள் வம்புக்காகக் கேட்கவில்லை. "கேக்கறது தப்பில்லம்மா. ரூமுக்குள்ள கூட்டிக்கினு போறதுதான் தப்பு. இன்னிக்கு என்னக் கூப்ட்டாங்க, நாளைக்கு உன்னக் கூப்டுவாங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் தன் அணியிடம் போனாள்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டு எங்களைத் தகுதி நீக்கம் செய்ததாக மைக்கில் அறிவித்தார்கள். கூட்டத்தில் விசில் அடித்தார்கள். கிளம்பிவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. ஜெர்சியோடு எல்லோரும் கோட்டுக்கு அருகே முதல் வரிசையில் உட்கார்ந்து இறுதி ஆட்டம் முடியும் வரை பார்த்தோம். எங்கள் இடது கார்னர் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருப்பதி அணியின் கார்னர் தப்பான காலைப் பிடிக்கிறாள் என்று நடுவில் சொன்னாள்.

மறுநாள் காலை என் கணவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "போய்க் காட்டிட்டு வந்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்ல" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நம் மகளை ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டால் அனுப்புவீர்களா என்று கேட்டேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. தொழிற்சாலையில் கம்பெனி பெயரைப் போட்டு இனி ஆடக்கூடாது என்றார்கள். ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் நீல டீஷர்ட்டில் பயிற்சியைத் தொடர்ந்தோம்.

ஏழெட்டு மாதம் கழித்து சித்தூரில் ஒரு போட்டி. விண்ணப்பத்தில் பெண்கள் அணிக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது, பெண்தான் என்று டாக்டரிடம் சான்று வாங்கி இணைக்கவேண்டும் என்று. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு அனுப்பினேன். திரும்பி வந்தது. திருப்பதி அணியின் கேப்டனுக்குப் போன் செய்தேன், பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

"உங்க கார்னர் விஷயத்துல நான் உங்க பக்கம் இல்லக்கா. ஆனா எங்க பொண்ணுங்கள எந்த டாக்டர்கிட்டயும் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

அது போதும் என்றேன். அவளும் அடித்து அனுப்பினாள். குப்பத்திலிருந்து ஓர் அணியும் அவ்வாறே செய்தது. மூன்று அணி இல்லாமல் பெண்கள் போட்டியே நடக்காது என்றானதும் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆதார் நகல் போதும் என்றார்கள்.

சித்தூரில் முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டாவதில் அதே திருப்பதி அணியிடம் மூன்று புள்ளியில் தோற்றோம். அவர்கள் அன்றைக்கு நன்றாக ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் என் முதல் ரெய்டுக்கு முன்னால், கூட்டத்தில் போனைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருவன், நீ ஆம்பளயா பொம்பளயா என்று கத்தினான். திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் போனைக் கீழே இறக்கும் வரை பார்த்தேன். நடுவர் விசில் ஊதினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினேன்.