ஹெருந்தியோவும் பொங்கின பாலும்

இளவேனிலுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்றால் மந்தாரக்குப்பத்தில், "அதுக்கு இங்க என்னாங்க வேல?" என்பார்கள். நியாயமான கேள்விதான். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் சென்னைக் கம்பெனியில் ஸ்பெயின்காரர்களுக்கு மெயில் எழுதினவள். இப்போது நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் இருக்கும் செங்குட்டுவனின் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

பாடப்புத்தகம் போடும் ஒரு கம்பெனி அவளுக்குப் பரீட்சை வைத்தது. பிள்ளைகளுக்கான அதன் புத்தகத்தில் வரப்போகும் ஸ்பானிஷ் இலக்கணப் பெயர்கள் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் பெயர் எழுத வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வடலூர் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் கால் கடுக்க நிற்க வேண்டும். மூன்று தப்பு வந்தால் ஃபெயில். ஏற்கெனவே இரண்டில் அவளுக்குச் சந்தேகம்.

காலை பத்து மணிக்கு விடைகளை அனுப்பினாள். அனுப்பினதைத் திரும்பப் படிக்கலாமா? படித்தாள், பாவி!

நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த செங்குட்டுவன் எழுந்து வந்து கத்தினான். "பால் பொங்கிக்கினு இருக்குது, நீ என்னாத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்க?"

ஓடிப்போய் அடுப்பை அணைத்தவள் அப்படியே நின்றாள். பொங்கிக்கினு. பாத்துக்கினு. ஐயையோ! அந்த நாற்பதில் ஒன்றான ‘ஹெருந்தியோ’ என்று ஸ்பெயின்காரன் சொல்வது, நடந்துகொண்டே இருப்பதைச் சொல்லும் இந்த வினையைத்தானே! எழுத்தில் ஒன்றுபோல் இருக்கிறதே என்று ‘ஜெரண்ட்’ என்று எழுதித் தொலைத்துவிட்டாள். இங்கிலீஷ் ஜெரண்ட் பெயர்ச்சொல் ஆயிற்றே, பொங்குறது, பாக்குறது என்கிற மாதிரி. ‘பிரசன்ட் பார்ட்டிசிப்பிள்’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்!

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் கவனிக்காமல் போகலாம். சொன்னால் மூன்றாவது தப்பைத் தானே காட்டிக்கொடுத்த மாதிரி. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் படிக்குமே? மனசு கேட்கவில்லை. திருத்தி மெயில் போட்டாள்.

அரைமணியில் பதில் வந்தது. "எங்கள் விடைக்குறிப்பில் ஜெரண்ட் என்றுதான் இருக்கிறது. முதலில் எழுதினதை வைத்தால் நீங்கள் பாஸ், திருத்தினதை வைத்தால் மூன்று தப்பு. திருத்தத்தை வாபஸ் வாங்குகிறீர்களா?"

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த செங்குட்டுவன், "அப்பாடா! சரின்னு போடு" என்றான்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

"அது தப்புங்க" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"தப்பா இருந்தா உனுக்கு என்னா?"

அவள் ‘வாபஸ் வாங்கவில்லை, உங்கள் விடைக்குறிப்பைத் திருத்துங்கள்’ என்று அடித்தாள். பயம் கையை இழுப்பதற்குள் அனுப்பியும் விட்டாள்.