கர்னலின் காவலை நான் அணைத்து வைத்த ஒன்பது வாரங்கள்

யாராவது பார்த்தார்களா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மகப்பேறு மருத்துவமனையின் சர்வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். மகளுக்கு ஒன்றேகால் வயது. அவள் தூங்கும் நேரம்தான் என் வேலை நேரம். ஆனி மாதத்தில் ஒரு காலை அங்குள்ள நர்ஸக்கா கூப்பிட்டார்.

“ஏம்மா, கம்ப்யூட்டர்ல ஒரு பேரைத் தட்டிட்டு, அது வாரதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம் போல இருக்கு. இங்கன பிள்ளத்தாச்சிய எல்லாம் நிக்க முடியாம நிக்காவ.”

காரணம் எனக்குத் தெரியும். பிராசஸர் பழையது; அதன் வடிவமைப்பிலேயே ஒரு ஓட்டை. அதிலிருந்து காக்க, எல்லா நிரல்களையும் மேய்க்கும் மையநிரலான கர்னல் அடிக்கடி நின்று, துடைத்து, பூட்டிவிட்டே அடுத்த வேலைக்குப் போகும்; அதனால்தான் இந்த மந்தம். அந்தக் காவலை ஒரே வரிக் கட்டளையில் அணைக்கலாம். புது சர்வர் ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். அணைத்தேன்.

“நல்லா இருப்ப தாயி” என்றார் நர்ஸக்கா.

புது சர்வர் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஒன்பது வாரம் கழித்து, மகளுக்குச் சளி மருந்து வாங்கப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே மருந்துக்கடை அண்ணாச்சி டிராயரைத் திறந்து, கர்ப்பம் பார்க்கும் அட்டையைப் பாதி வெளியே எடுத்திருந்தார். முந்தைய இரண்டு மாதமும் நான் அதைத்தான் வாங்கியிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

“இல்ல அண்ணாச்சி, பிள்ளைக்குச் சளி.”

சட்டென்று உள்ளே தள்ளிவிட்டார். டிராயர் முழுதாக மூடவில்லை. பின்னால் நின்ற எதிர்வீட்டு அத்தை அந்த இடுக்கையே பார்த்தார்.

“ஏட்டி, அதுக்குள்ள அடுத்ததா? மூத்தவளுக்கே இன்னும் கடவாப்பல்லு முளைக்கலியே!”

சிரித்து வைத்தேன். பிராசஸரின் அந்த ஓட்டையும் இப்படித்தான். வேகத்துக்காக, பிராசஸர் கேட்கும் முன்பே ஊகித்து எடுத்துவிடும். தப்பென்றால் திருப்பி வைக்கும். எடுத்த தடம் மட்டும் கிடக்கும்; ஒருமுறை எடுத்தது மறுமுறை சீக்கிரம் வரும். எது உடனே வருகிறது, எது தாமதிக்கிறது என்று அளந்தே, அதே சர்வரில் ஓடும் வேறொரு நிரல் ரகசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் காவலை மீட்டேன். சர்வரின் பதிவேடுகளைப் புரட்டினேன், ஒரு கீறல்கூட இல்லை. இந்தத் திருட்டு நடந்தாலும் அவற்றில் எதுவும் விழாது. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. நோயாளிகளுக்கு வரிசை எண் கொடுக்க வெளியாட்கள் எழுதிய டோக்கன் நிரலும் அதே சர்வரில்தான் இருக்கிறது. ஞாயிறு மதியங்களில் அது ஒரு மணி நேரம் மும்முரமாக ஓடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே டோக்கனே கிடையாது.

வழக்கமான பராமரிப்பாக இருக்கலாம். அதை எழுதியவர்களைக் கேட்டேன். “சும்மா ஏதாவது ஓடியிருக்கும் மேடம்” என்றார்கள்.

அந்தச் சர்வரில், புருஷனிடம்கூடச் சொல்லாத சங்கதிகளைச் சொன்ன பெண்களின் குறிப்புகள் இருக்கின்றன. மருத்துவரிடம் நான் இன்னும் பேசவில்லை. நடந்ததா என்றே தெரியாததைச் சொல்லி அந்தப் பெண்களைக் கலங்கடிக்கலாமா? சொல்லாமல் இருப்பது என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தானா? அந்தப் பெண்களில் ஒருவர் நீங்கள் என்றால், தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.