திருமுல்லைவாயலில் சந்தனம் களைந்த சுவாமியைப் பார்க்கப் போனது

சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தை ஒட்டித் திருமுல்லைவாயல் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் என் வீட்டுக்காரரோடு போனது 1994-ல். அங்கே மாசிலாமணீசுவரர் மேல் வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பு இருக்கும். யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியை அரசன் வாளால் வெட்டியபோது, அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்ததாம். அந்தக் காயத்துக்குத்தான் சந்தனம். சித்திரைச் சதயத்தின்போது மட்டும் அதைக் களைவார்கள்.

என் வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். சித்திரை வந்தால், "இந்த வாட்டி ஓவர்டைம் கீது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். அந்த வருஷம் தை மாதம் கண் டாக்டர், நரம்பு பட்டுப்போய்விட்டது, இருக்கிற பார்வையும் நிலைக்காது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஆசையாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

கொரட்டூரில் காலை ஆறரை மணி மின்சார ரயில் பிடித்தோம். அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன். இறங்கினால் கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடும், நடக்கலாம். ஸ்டேஷன் படியிலேயே அவர் தடுமாறியதால் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினோம்.

"சந்தனம் எடுத்த சாமியா அண்ணாத்தே? கூட்டம் ஜாஸ்தியா கீது. பொறுமையா பாத்துட்டு வா," என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"பாக்கத்தான் வந்துகினு கீறேன் நைனா," என்றார் இவர். அன்று அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். (நடுவில் மோர் கொடுத்தார்கள், புண்ணியவான்கள்.) கருவறை எதிரே வந்ததும் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னேன். தீபத்தை உயர்த்திப் பிடித்து, "நன்னாப் பாருங்கோ" என்றார். இவர் கழுத்தை நீட்டினார். முகம் தீபத்தின் பக்கமே திரும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். வெளியே வந்துவிட்டோம்.

பிராகாரத்தில் ஒரு தூணோரமாக உட்கார்ந்தார். "ஒரே இருட்டா இருந்துச்சு," என்றார். என் பக்கம் திரும்பி, "வெட்டு எங்க கீது? நீ சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. "நான் சாமிய பாக்கல. உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்யா."

அவர் என் தோளைப் பிடித்து எழுந்தார். "ரெண்டு பேருமே பாக்காம ஊட்டுக்குப் போறதா? வா, இன்னொரு தபா நிப்போம்."

மறுபடி நின்றோம். இந்தத் தடவை நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாமியையே பார்த்தபடி அவர் காதருகே சொன்னேன். "மேல கீது. பெருசா இல்ல. ஆறிப்போன காயம் மாதிரி கீது." அவர் என் கையை விட்டுவிட்டுக் கும்பிட்டார். டாக்டர் சொன்ன அன்று அழாதவர், அங்கே நின்று அழுதார்.

தீபாவளிக்குள் பார்வை முழுதாகப் போய்விட்டது. இப்போது அவரும் இல்லை.

போகிறவர்களுக்கு: சதயம் வருஷத்துக்கு வருஷம் வேறு தேதியில் வரும், பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். கொடியிடை நாயகி சன்னதியை விட்டுவிடாதீர்கள். பார்வை மங்கியவர் யாரையாவது அழைத்துப் போனால், முதலில் நீங்கள் சுவாமியை நன்றாகப் பாருங்கள். வெளியே வந்ததும் கேட்பார்கள்.