பல்லாவரம் வரைக்கும் ஓர் இடம்

தாம்பரத்தில் மின்ரயில் ஏறியதும் நான் செய்யும் முதல் வேலை, என் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் போடுவது. பெண்கள் பெட்டியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாராவது கேட்டால் "ஆள் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கேட்டவர் முறைப்பார். அதையெல்லாம் பார்த்தால் இடம் பிடிக்க முடியாது.

அந்த இடம் என் ரயில் சிநேகிதிக்கு. அவள் மாடம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். வண்டி கிளம்பும் நேரத்தில் மூச்சு வாங்க ஓடிவந்து ஏறுவாள். இறங்குவது பல்லாவரத்தில். உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும். "இதுக்குப் போயி சீட்டு பிடிக்கணுமா?" என்று எதிரே இருந்த அம்மாள் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"நாளு பூரா நிக்கப்போறேன். இங்கியாவது கொஞ்சம் உக்காந்துக்கினு போறேனே, உங்களுக்கு இன்னா போச்சு?" என்றாள் அவள்.

அவள் பல்லாவரத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அங்கே எந்த வகுப்பிலும் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் கவனம் போய்விடுமாம். நான் ஐகோர்ட்டில் வாடகை வழக்கும் விபத்து வழக்கும் நடத்தும் வக்கீல். கோர்ட்டில் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்தப் பெட்டியில் பேசியவள் அவள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழைத் தண்ணீர் வடியாத தெருவுக்கு மாநகராட்சி, வண்டி தாமதத்துக்கு ரயில்வே, காய்கறி விலைக்கு டில்லி வரை எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டுவாள். ஒருநாள் ரயில்வே போலீஸ்காரப் பெண் ஒருவர் கதவருகே நின்று அத்தனையையும் கேட்டுச் சிரித்தார். "நீங்களே சிரிச்சிட்டீங்க, அப்போ நான் பேசுனது சரிதான்" என்று அவருக்கும் ஒரு கடலைமிட்டாய் கொடுத்தாள். அதுதான் சுதந்திரம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பாதி அளவுக்கு அது உண்மையும்கூட.

தினமும் ஒரு வரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது அவள் பழக்கம். முதலில் எங்களிடம் சொல்லிப் பார்ப்பாள். நாங்கள் சிரித்தால் குரோம்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் போட்டுவிடுவாள். அன்றைக்குச் சொன்னது இது: "எங்கள் வகுப்பில் எல்லோரும் உட்காரலாம், டீச்சரைத் தவிர." பெட்டியே கைதட்டியது. போட்டாள்.

வகுப்பு டீச்சரின் நம்பர் எல்லாப் பெற்றோரிடமும் இருக்கும் என்பதை அந்தக் கைதட்டலில் அவளும் மறந்தாள், நாங்களும் மறந்தோம். மத்தியானத்துக்குள் அது பெற்றோர் குரூப்பில் சுற்றியது. "உக்காந்து சொல்லிக் குடுக்கவா இவங்களுக்குச் சம்பளம்?" என்று ஒரு அப்பா எழுதியிருந்தார். அவருக்கும் அதே பேச்சு சுதந்திரம்தான், என்ன செய்வது? பள்ளி விடும் நேரத்தில் தாளாளர் கூப்பிட்டு, ராஜினாமா என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அவள் வழக்கம்போல ஏறினாள். அதே புடவை மடிப்பு, அதே டிபன் பை. கோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, பேச்சு சுதந்திரம்னு ஒண்ணு கீதே, அது எனக்கு இல்லியா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது அரசாங்கத்தின் கையைக் கட்டுகிற சட்டம். நீ மந்திரியைத் திட்டினதுக்காக போலீஸ் வந்து உன்னைத் தூக்கக் கூடாது. அதிலும் அவதூறு, கலவரம் என்று சில விலக்கு உண்டு. ஆனால் உன் தாளாளர் அரசாங்கம் இல்லை.

"டில்லியத் திட்னா ஒண்ணும் ஆவாது. ஒரு நாற்காலியக் கேட்டா வேலை பூடும். நல்லா கீதுக்கா உங்க சட்டம்."

வேறு வழி இருக்கிறது, கல்வி அலுவலகத்தில் மனு போடலாம், மிரட்டி எழுதி வாங்கின ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம் என்றேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளுக்கு வரவில்லை. "கேஸ் போட்ட டீச்சர்னா அடுத்த ஸ்கூல்ல சேர்ப்பாங்களா?" என்றாள். பல்லாவரம் வந்தது. வெள்ளிக்கிழமை, அங்கே சந்தை கூடும் நாள். "சந்தையச் சுத்திட்டு வீட்டுக்குப் போறேன்" என்று இறங்கிப் போனாள். டிபன் பையோடு படியேறுவது தெரிந்தது.

பிறகு பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டாள். பஸ்ஸில் போகிறாள். ரயிலுக்கு வேலை இல்லை. அவள் ஸ்டேட்டஸில் இப்போது தினமும் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வருகிறது. விடாமல் பார்க்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலுக்கு நான் ஏங்கிப்போய்க் கிடக்கிறேன். பெட்டியில் இப்போது ஆளுக்கொரு இயர்போன். நானும் கோட்டைப் பக்கத்தில் போடுவதை நிறுத்தவில்லை.

போன வாரம் ஒரு இளம்பெண் வந்து, "ஆள் வர்றாங்களா மேடம்?" என்று கேட்டாள். வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தவள், அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தேன். அதே பள்ளி. கோட்டை எடுத்துவிட்டேன்.

"உக்காருங்க. நாள் பூரா நிக்கணுமே."

"இல்ல மேடம், எங்களுக்கு சேர் போட்டுட்டாங்க. எல்லா கிளாஸ்லயும்."

"எப்போ?"

"நான் சேர்றதுக்கு முன்னாடியே. யாரோ டீச்சர் ஏதோ பிரச்சனை பண்ணாங்களாம், பேரண்ட்ஸும் சிலர் கேட்டாங்களாம். யாருன்னு தெரியல."

அந்தப் பெண் பல்லாவரத்தில் இறங்கும் வரை பொறுத்திருந்து என் சிநேகிதிக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் ஸ்டாண்ட் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் வந்தது, அந்தக் குரல்.

"குஷன் வச்சதாக்கா? இருக்காது. கால் ஆடுற பிளாஸ்டிக்கு நாற்காலிதான் போட்டிருப்பானுங்க!"

நான் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அவளும் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது எனக்குக் கேட்டது.

"அக்கா, நான் இப்படிச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த ஸ்கூல் டீச்சருங்க பக்கத்துலதான் நிக்குறாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு, காலியாகியிருந்த பக்கத்து இடத்தில் கோட்டைத் திரும்பப் போட்டேன்.