சூடு தெரியாத கை

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவொன்றில், ஸாலிஹ் நானாவின் சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருடமாக அப்பம் சுடுகிறவர் பிறெடி. ஆறு அடுப்பு, ஆறு சட்டி. வலது கையால் மாவை ஊற்றுவார், இடது கையால் சட்டியைத் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றுவார், மூடியைப் போட்டுவிட்டு அடுத்த சட்டிக்குப் போவார். சட்டியின் காது நன்றாகச் சுடும். அப்பம் சுடுகிற எல்லோரும் துணி பிடித்துத்தான் தூக்குவார்கள். பிறெடியும் இருபது வருடம் அப்படித்தான் தூக்கினார். பிறகு ஒருநாள் துணி எங்கோ போய்விட்டது. அவசரத்தில் வெறுங்கையால் தூக்கினார். ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அவர் துணியைத் தேடவில்லை.

பெருவிரலும் சுட்டுவிரலும் இதற்கு ஒத்துவரவில்லை, சுட்டன. கடைசி இரண்டு விரலும் உள்ளங்கையின் ஓரமும்தான் ஒத்துழைத்தன. அவற்றால் காதைக் கொளுவித் தூக்கப் பழகினார். சின்னக் கொப்புளங்கள் வந்தன, காய்ந்தன, தடித்தன. இவ்வளவு காலம் நெருப்புக்கு முன்னால் நின்றதன் பலன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நுகேகொடையிலிருந்து சாப்பிட வந்த ஒருவர் அதை வீடியோ எடுத்துப் போட்டார். ஏராளமான பேர் பார்த்தார்கள். இரும்புக் கை என்று கீழே எழுதினார்கள். பிறெடி அதை மகள் ஷெரோமியின் போனில் நாலு தரம் பார்த்தார். ஐந்தாவது தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய அடையாளம் வந்தது. மனைவி ஐறீன்தான் முதலில் கண்டார். அவர் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கந்தோரில் கிளார்க். எதையும் ஒருமுறை பார்த்தால் மறக்காதவர். தேமல் என்று பார்மஸியில் ஒரு மருந்துத் தண்ணீர் தந்தார்கள். அது போகவில்லை. முதுகில் இன்னும் மூன்று வந்தன, தொடையில் இரண்டு. பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர், தூரத்திலிருந்தே பார்த்துப் படை என்று சொல்லி ஒரு களிம்பு எழுதினார். அதற்கும் கேட்கவில்லை.

பிறகு வெள்ளவத்தையிலிருந்து ஐறீனின் தங்கை டிலக்ஷி ஒரு கிறீம் கொண்டுவந்தார். முகப்பரு, கருமை, சொறி, படை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்றார். டியூபில் எந்த நாட்டு எழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் பூசினார்கள். அடையாளம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த நல்ல தோல் மெலிந்து வெளுத்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிட்டதால் குணமாகிவிட்டதாகக் குடும்பத்தில் முடிவு செய்யப்பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். பிறெடி ஒரு சட்டியைக் கொளுவிப் பிடித்தபடி வாடிக்கையாளர் ஒருவருடன் கதைத்துக்கொண்டு நின்றார். கொத்து ரொட்டி போடுகிற ஸப்வான் பக்கத்திலிருந்து மூக்கைச் சுருக்கி, ஏதோ கருகுகிறது என்றான். பிறெடி ஆறு சட்டியையும் பார்த்தார். ஒன்றும் கருகவில்லை. ஸப்வான் அவருடைய கையைக் காட்டினான்.

மோதிர விரலிலும் சின்ன விரலிலும் தோல் வெந்து உரிந்திருந்தது. பிறெடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அது வேறு யாரோ ஒருவருடைய கை போல இருந்ததாகப் பிறகு சொன்னார். அன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டிய இளம் டொக்டர், வெந்த தோலை வெட்டி எடுக்கும்போது பிறெடியின் முகத்தைப் பார்த்தார். பிறெடி சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் ஒரு துண்டு எழுதி, தோல் கிளினிக்குக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் டொக்டர் யோகேஸ்வரி. ஐம்பது வயதிருக்கும், மெதுவாகக் கதைப்பவர். முதலில் டிலக்ஷியின் கிறீமைப் பற்றிக் கேட்டு, அதன் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு பஞ்சைத் திரித்து நூல் போல எடுத்து, பிறெடியிடம் கண்ணை மூடிக்கொண்டு, அது தொடுகிற இடத்தை விரலால் காட்டச் சொன்னார். நெற்றி, தோள், வலது கை. பிறெடி ஒவ்வொன்றையும் சரியாகக் காட்டினார். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் மரியாதையாகக் காத்திருந்தார்.

“இடது கையை எப்ப பார்க்கப் போறீங்கள், டொக்டர்?”

“பார்த்து முடிஞ்சுது, பிறெடி. கண்ணைத் திறவுங்கோ.”

டொக்டர் அவருடைய முழங்கையைக் காட்டினார். பஸ்ஸில் நெரிபட்டு வந்ததில் கை முழுவதும் வியர்வை. வெளிறிய இடம் மட்டும் காய்ந்திருந்தது. அதில் ஒரு மயிரும் இல்லை. தோல் என்பது வெறும் போர்வை இல்லை என்றார் அவர். நாம் தொட்டுப் பார்க்கிற மேற்பரப்பு செத்த கலங்கள்தான். அவை உதிர உதிர அடியிலிருந்து புதியவை மேலே வரும், மேல்தோல் மாதத்துக்கு ஒருமுறை அளவில் புதிதாகிவிடும். வெயிலைத் தாங்குகிற நிறமும் அந்த மேல்தோலில்தான் உண்டாகிறது. அதற்குக் கீழே இருக்கிற தடித்த தோலில்தான் இரத்தக் குழாய், வியர்வைச் சுரப்பி, மயிரின் வேர், சூட்டையும் நோவையும் சொல்லுகிற நரம்பு நுனி எல்லாம் இருக்கின்றன. அதற்கும் அடியில் கொழுப்பு. பிறெடியின் விஷயத்தில் மேல்தோல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பழுது கீழே, நரம்பில். முழங்கை எலும்புக்குப் பின்னால் அவர் விரலை வைத்து அழுத்தினார். அங்கே நரம்பு ஒரு கயிறு போலத் தடித்திருந்தது. கடைசி இரண்டு விரலுக்கும் செய்தி கொண்டுபோகிற நரம்பு அது.

பிறகு அவர் வருத்தத்தின் பெயரைச் சொன்னார். தொழுநோய். விளங்காதோ என்று சிங்களத்திலும் சொன்னார்.

பிறெடி கேட்டார். “அது பைபிளில வாற வருத்தமெல்லோ?”

“ஓம். அந்தக் காலத்தில மருந்து இல்ல. இப்ப இருக்கு. பன்னிரண்டு மாசம் குடிக்கவேணும்.”

மருந்து இலவசம் என்றும், குடிக்கத் தொடங்கிச் சில நாளிலேயே இன்னொருவருக்குத் தொற்றாது என்றும், பெரும்பாலானவர்களின் உடம்பு இந்தக் கிருமியைத் தானாகவே எதிர்த்துவிடும் என்றும் சொன்னார். நரம்பைக் காப்பாற்ற வேறொரு குளிசையும் உண்டு. சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கறுக்கும், பயப்பட வேண்டாம். புண் ஆறியதும் வேலைக்குப் போகலாம். முதலாளிக்குக் காட்ட ஒரு கடிதமும் எழுதித் தந்தார். பிறெடி கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, வீடு வரும்வரை பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தார்.

ஐறீன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பிறெடி சொல்லி முடிக்கும்வரை துருவுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் எழும்பி, டிலக்ஷியின் கிறீமை எடுத்துக் குப்பையில் போட்டார். அடுத்த நாள் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு ஷெரோமியையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். இருவருக்கும் ஒன்றும் இல்லை.

ஸாலிஹ் நானாவிடம் சொல்வதுதான் பிறெடிக்குக் கஷ்டமாக இருந்தது. நானா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “வேல செய்யலாமெண்டு எழுதி ஈக்கிது. காயம் ஆறின பொறகு வாங்க” என்று மட்டும் சொன்னார். பிறெடி அதை நம்பவில்லை. ஆளை மரியாதையாக அனுப்புகிற முறை இதுதான் என்று நினைத்தார்.

ஆறு கிழமை வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போகவில்லை. பூசையில் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர் கை நீட்டினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நரம்புக்குத் தந்த குளிசை பசியைக் கிளப்பியதால் நிறையச் சாப்பிட்டார். முகம் உருண்டையாகியது. விசாரிக்க வந்தவர்கள் ஆள் நல்ல சுகமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குப் போனார். பிறெடியோடு வேலை செய்தவர்களும் கிளினிக்கில் தோலைக் காட்ட வேண்டும் என்றார். ஸாலிஹ் நானாவும் ஸப்வானும் போனார்கள். இருவருக்கும் தொழுநோய் இல்லை. ஆனால் சட்டையைக் கழற்றியபோது வேறு விஷயங்கள் வெளியே வந்தன. ஸப்வானின் விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. வெங்காயமும் உள்ளியும் சட்டி கழுவுகிற பவுடரும் சேர்ந்து செய்த எக்ஸிமா. கால்விரல் இடுக்கில் பங்கஸ். அவன் இரண்டையும் தொழிலின் பகுதியாகக் கருதியிருந்தான்.

ஸாலிஹ் நானா வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிறவர். அவருடைய இரண்டு முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதில் போலத் தோல் அடுக்கடுக்காக உரிந்தது. தொப்பிக்குள்ளும் அதேதான். சொரியாசிஸ், யாருக்கும் தொற்றாது என்றார் டொக்டர். மற்றவர்களின் மேல்தோல் ஒரு மாதத்தில் செய்கிற வேலையை இவருடைய தோல் நாலைந்து நாளில் செய்துவிடுகிறது.

“அப்ப இதுக்கு இவ்வளவு அவசரம் என்னத்துக்கு?” என்று ஸாலிஹ் நானா கேட்டார். சரியான காரணம் முழுதாகத் தெரியாது, அடக்கி வைக்கலாம் என்றார் டொக்டர். பதினாறு வருடமாக அவர் இதைத் தன் மனைவி லுத்பியாவைத் தவிர எவருக்கும் காட்டியதில்லை. அன்று பின்னேரம் அவரே பிறெடியின் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, சட்டைக் கையை மடித்து, முழங்கையைக் காட்டினார். பிறெடி பார்த்தார். நானா தேத்தண்ணீர் குடித்துவிட்டு, திங்கட்கிழமை வரச்சொல்லிப் போனார்.

பிறெடி திங்கட்கிழமை போனார். சட்டிகளுக்கெல்லாம் மரப்பிடி போட்டிருந்தது. இரண்டு கிழமை எல்லாம் சரியாகப் போனது. பிறகு யாரோ அந்தப் பழைய வீடியோவை எடுத்து, வருத்தத்தின் பெயரைச் சேர்த்து மீண்டும் போட்டுவிட்டார்கள். இம்முறையும் ஏராளமான பேர் பார்த்தார்கள். கடையில் ஆட்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் கொத்துதான் கேட்டார்கள். ஆறு அடுப்பில் இரண்டு எரிந்தால் பெரிய விஷயம். தான் வேலையை விட்டு நின்றுகொள்வதாகப் பிறெடி சொன்னார். 

அடுத்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஸாலிஹ் நானா காசு மேசையை விட்டு எழும்பி வந்து, தெருவைப் பார்த்த முதல் மேசையில் இருந்தார். வாழ்நாளில் தன் கடையில் சாப்பிட்டுப் பழக்கமில்லாத மனிதர். நாலு அப்பமும் கட்டச்சம்பலும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக, ஆறுதலாகச் சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. போகிறவர்கள் பார்த்தார்கள். மூன்றாவது கிழமை சுகாதாரப் பரிசோதகர் கடையைப் பார்க்க வந்தார். சமையலறையைப் பார்த்தார், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், பிறகு அதே மேசையில் இருந்து இரண்டு முட்டையப்பம் சாப்பிட்டார். அது பரிசோதனையில் சேர்த்தியா என்று எவரும் கேட்கவில்லை. மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. ஸாலிஹ் நானாவுக்கு உடம்பு கொஞ்சம் பெருத்துவிட்டது.

பன்னிரண்டு மாதமும் பிறெடி ஒரு குளிசை தவறவிடவில்லை. அடையாளங்கள் மங்கின, முழுதாகப் போகவில்லை. தோல் கறுத்துக் காய்ந்தது. இனிமேல் மெல்ல மெல்ல வெளுக்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன விரல் சற்று வளைந்தே நிற்கிறது. மோதிர விரலில் மட்டும் ஒருநாள் தேத்தண்ணீர்க் கோப்பை சுட்டது. பிறெடி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தார். மறுபடியும் சுட்டது. ஐறீனைக் கூப்பிட்டுச் சொன்னார். ஐறீன் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கடைசி மருந்து வாங்கப் போன நாளில், கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிற மர வாங்கில் மட்டக்குளியைச் சேர்ந்த கிளைவ் என்ற மீன்பிடிக்காரர் இருந்தார். முப்பது வயது. முந்தின கிழமைதான் அவருக்கு இதே வருத்தம் என்று தெரிந்திருந்தது. டொக்டர் எவ்வளவு விளக்கியும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். கொஞ்சம் பக்கத்தில் இருக்க முடியுமா என்று டொக்டர் பிறெடியிடம் கேட்டார். பிறெடி போய் இருந்தார்.  வெகுநேரம் இருவரும் எதிரிலிருந்த சுவரைப் பார்த்தார்கள்.

“வீட்டில பிளேட்டெல்லாம் வேற வைக்கவேணுமோ, அண்ணை?” என்று கிளைவ் கடைசியில் கேட்டார்.

“நான் வச்சனான். மூண்டு நாள். ஒரு பிளேட்டும் கோப்பையும் யன்னல்கட்டில. நாலாம் நாள் பார்த்தா, அதில என்ர மகள் சோறு போட்டுச் சாப்பிடுறாள். ஏனெண்டு கேட்டன். மத்த பிளேட் கழுவேல்லயாம்.”

கிளைவ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவருடைய இலக்கத்தைச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். எழும்பி உள்ளே போனார். பிறெடிக்கு அங்கே வேலை முடிந்திருந்தது. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளைவ் வெளியே வரும்வரை அந்த வாங்கிலேயே இருந்தார்.