நண்டின் நான்காவது மூவ்

காசிமேட்டுப் பெண் தன் நண்டுக்கு வெடி வைத்துக்கொண்டு வந்தது மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததற்கு அடுத்த ஞாயிறு. சனிக்கிழமை என்று துறைமுகத்துக் கிரேன்காரர் இன்றைக்கும் சாதிப்பார். அன்று அவர் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் குடோன் மாடிக்கு வந்திருந்தார், அதில் நான் டீயைக் கொட்டினேன். ஆகவே ஞாயிறுதான். தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ராயபுரத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பெயிண்ட் மொத்த வியாபாரம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அதனால் இங்கேயே பிறந்த என்னையும் எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. குடோன் மாடியில் பெயிண்ட் டின்களுக்கு நடுவே நாங்கள் நான்கு பேர் கன்சோலும் கையுமாக உட்கார்ந்து விநோதப் பிராணிகளை மோதவிடுவோம்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு நான்கு பிராணிகள் கொண்ட ஒரு டீம். களத்தில் ஒன்றுக்கு ஒன்று நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில், எதிராளி எதை எடுக்கிறார் என்று தெரியாமலேயே, ஒரு மூவ் எடுக்க வேண்டும். ஒரு பிராணி எத்தனையோ மூவ்களைக் கற்றுக்கொள்ளும். ஆனால் களத்துக்கு எடுத்துப்போக முடிவது நான்குதான். எந்த நான்கு என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

வழக்கத்தில் இல்லாத ஒரு மூவை யாராவது வைத்தால், அது யோசனையா வெறும் சேட்டையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. ஆடுவதில் நான் சுமார்தான். தீர்ப்பில் அநேகமாகத் தவறியதில்லை. வழக்கம் என்று ஒன்று இருந்தால், எங்கெங்கோ இருக்கும் எத்தனையோ பேர் தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்தது அது. அதை மாற்றுகிறவர் புதிதாக உள்ளே வருவதைப் பற்றியே பேசுவார். நான் வெளியே போவதைப் பற்றிக் கேட்பேன். பழைய நூலில் பாடபேதம் வந்தால் நல்ல உரையாசிரியரும் இப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். புதுச் சொல்லின் அழகு அப்புறம். அதை ஏற்றால் செய்யுளடியில் எது குலைகிறது என்பதுதான் முதலில்.

நண்டு கல் ஓடு போட்டது. மெதுவாக நகரும், லேசில் சாகாது. எல்லோரும் அதற்கு வைக்கிற நான்கு: எதிராளிமேல் விஷம் ஏற்றுவது, ஒரு சுற்றுக்குக் கேடயம் பிடிப்பது, கொடுக்கால் கிள்ளுவது, காயத்தை ஆற்றிக்கொள்வது. காசிமேட்டுப் பெண் காயம் ஆற்றுவதை எடுத்துவிட்டு வெடியை வைத்திருந்தாள். வெடித்தால் எதிராளிக்குப் பெரிய சேதம். ஆனால் நண்டும் அதோடு காலி.

"நண்டை வெடிக்க வச்சா வூடே நாறும்மா," என்றார் எர்ணாவூர்க்காரர். டிரெய்லர் லாரி மெக்கானிக். அவர் சிரித்தால் டின்கள் அதிரும்.

"உன் வூட்ல நண்டு வாங்குனாத்தான நாறும்," என்றாள் அவள்.

விளையாட்டாகப் பேசினாலும் இரண்டு பேருக்குமே விஷயம் பெரியது. ஆவணியில் மூவர் அணிப் போட்டி. கிரேன்காரரும் நானும் நிச்சயம். மூன்றாவது இடத்துக்கு இவர்கள் இருவரில் ஒருவர். மிஞ்சுகிறவருக்குப் பெயர் மாற்று ஆள். அதாவது வேடிக்கை பார்ப்பவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிற அவள், முந்தைய வருஷம் லீவு போட்டுவிட்டு வந்து நாள் முழுக்க எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்தத் தபா பை தூக்க மாட்டேன் அண்ணாச்சி, சொல்லிட்டேன்," என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

அந்த ஞாயிறு அவள் எல்லோரையும் ஜெயித்தாள். அதற்கு அடுத்த ஞாயிறிலிருந்து தோற்க ஆரம்பித்தாள். ஆனி முடிந்து ஆடி வந்தும் அதே கதைதான். வெடி ஒரு தடவைதான் அதிர்ச்சி, தெரிந்துவிட்டால் ஒன்றுமில்லை என்பது கிரேன்காரர் கருத்து. காயம் ஆற்றுவதையே திரும்ப வைக்கும்படி நானும் சொன்னேன்.

"இன்னா அண்ணாச்சி, வாரா வாரம் இதையே சொல்லிகினு கீறீங்க. தோக்குறேன், சரி. ஏன் தோக்குறேன்னு சொல்லுங்க."

நியாயமான கேள்வி. தோல்வி நடந்தது என்பதற்குச் சாட்சி இருந்தது, காரணத்துக்கு இல்லை. அன்று நான் ஆடாமல் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். எர்ணாவூர்க்காரர் தன் எருமையை வைத்துக் கிரேன்காரரோடு ஒரு ஆட்டம் ஆடினார். அடுத்து அவளோடு உட்காரும் முன் எருமையை எடுத்துவிட்டு நிழலைப் போட்டார். நிழல் என்று நாங்கள் சொல்வது பேய் மாதிரி ஒரு பிராணி. வெடி அதன்மேல் படாது, ஊடே போய்விடும்.

"அது இன்னா மாமு, இவகூட ஆடும்போது மட்டும் நிழல இட்டாந்து நிறுத்துற?" என்று கிரேன்காரர் கேட்டார்.

"நீ மட்டும் இன்னா பண்ண? போன வாரம் நீயும் அதான பண்ண?"

போன வாரம் நானும் அதைத்தான் செய்திருந்தேன். நிழல் மற்ற எந்தப் பிராணியோடு மோதினாலும் உதை வாங்கும். யாரும் அதை டீமில் வைப்பதில்லை. நாங்கள் அவளுக்காக மட்டும் எடுத்தோம், முடிந்ததும் உள்ளே வைத்தோம். போட்டியில் அது நடக்காது. காலையில் டீமையும் மூவ்களையும் பதிவு செய்தால் மாலை வரை மாற்ற முடியாது. வெடிக்குப் பயந்து நிழலைச் சேர்த்தவர் மற்ற எல்லோரிடமும் தோற்க வேண்டியதுதான். இத்தனை வாரமும் நாங்கள் நண்டைச் சோதிக்கவில்லை. போட்டியில் யாருக்கும் கிடைக்காத ஒரு சலுகையை எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"இனிமே வந்ததும் டீமைக் காட்டிரணும், சாயங்காலம் வரைக்கும் மாத்தக் கூடாது," என்றேன். எருமை திரும்பி வந்தது. அந்த ஞாயிறும் அடுத்ததும் அவளை யாராலும் எளிதாகத் தொட முடியவில்லை. மூன்றாவது இடம் அவளுக்கு என்று ஆடி கடைசி ஞாயிறு அறிவித்தேன்.

"வெடி வச்சா சீட்டு, ஒழுங்கா ஆடுனா பேஜாரு," என்றார் எர்ணாவூர்க்காரர். கோபம் இருந்தது. ஆனால் போட்டியன்று காலையில் எங்களுக்கு முன்பே ஸ்டேஷனில் நின்று, பைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

முதல் சுற்றில் எதிர் அணி மூன்று கல்லூரி மாணவர்கள். கிரேன்காரர் ஜெயித்தார். நான் சுருக்கமாகத் தோற்றேன். அதனால் அவள் ஆட்டம்தான் முடிவு செய்ய வேண்டும், நானும் எர்ணாவூர்க்காரரும் அவள் பின்னால் போய் நின்றோம்.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் நண்டு வெடித்து எதிரே ஆடிய பையனின் யானையைச் சாய்த்தது. அவன் ஹெட்போனைக் கழற்றித் திரையை உற்றுப் பார்த்தான். இரண்டாவது ஆட்டத்தில் நண்டைக் கண்டதும் யானைக்குக் கேடயம் பிடித்தான். வெடி கேடயத்தில் வீணானது, அவள் தோற்றாள்.

மூன்றாவதில் கடைசியாக அவனிடம் யானை மட்டும். அவளிடம் நண்டும், அடி வாங்கிக் களைத்த ஒரு குருவியும். நண்டு முதலில் யானைமேல் விஷம் ஏற்றியது. விஷம் சுற்றுக்குச் சுற்று உடம்பைத் தின்னும், கேடயம் அதைத் தடுக்காது. ஆனால் அவனுக்குப் பயம் வெடிமேல்தான், அதே சுற்றில் கேடயம் பிடித்தான். அடுத்தடுத்து இரண்டு சுற்றில் பிடித்தால் இரண்டாவது கேடயம் பெரும்பாலும் பலிக்காது. ஆகவே அடுத்த சுற்றில் அவன் அடித்தே ஆக வேண்டும், அந்தச் சுற்றில் யானை திறந்து நிற்கும்.

இப்போது வெடி, என்று என் கட்டைவிரல் தானாக அசைந்தது. அவள் நண்டுக்குக் கேடயம் பிடித்தாள். யானையின் அடி வீணானது. அடுத்து அவன் மறுபடி கேடயம், இவள் சும்மா ஒரு கிள்ளு. அடுத்து அவன் அடி, இவள் கேடயம். இருவருடைய கேடயமும் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வந்தது. ஒருவர் அடியும் மற்றவர்மேல் படவில்லை. விஷம் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. யானை தானாக மடங்கி விழுந்தபோது நண்டின் ஓட்டில் கீறல் இல்லை.

அந்தப் பையன் எழுந்து இந்தப் பக்கம் வந்தான். "இந்த ஆட்டத்துலயும் வெடி இருந்துச்சா?"

"இல்லாம? எடுக்க வுடுவாங்களா?" என்று நான்கு மூவையும் திறந்து காட்டினாள்.

"அவன் திறந்து நின்னானே, ஏன்மா வெடிக்கல?" என்று நான் கேட்டேன்.

"யானை பொழைச்சுகினா நண்டு போச்சு. குருவி தனியா இன்னா பண்ணும் அண்ணாச்சி? வெடிச்சா ஒரு தபா. வெடிக்காம வச்சிருந்தா அவன் பயந்துகினே இருப்பான்ல."

தீர்ப்பு என்னுடையது, அது சரியாகவே இருந்தது. ஆனால் வெடி வெடித்தால் எவ்வளவு என்று மட்டுமே நான் கணக்குப் பார்த்திருந்தேன். நான்காவது இடத்தில் சும்மா உட்கார்ந்தே அது சம்பாதிக்கும் என்பதை அவள் பார்த்திருந்தாள். இதை அங்கேயே அவளிடம் சொன்னேன்.

போட்டி நடத்துகிறவர்கள் இரண்டாம் சுற்றுக்குப் பெயர் கேட்டார்கள். மாற்று ஆளை இறக்க வேண்டுமானால் அப்போதே சொல்ல வேண்டும். எர்ணாவூர்க்காரர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வருவது யார் என்பதில் குழப்பமில்லை. வெளியே போவது யார் என்று வழக்கம்போல் கேட்டுக்கொண்டேன். மூன்று பேரில் தோற்றது ஒருவன்தான்.

"என் இடத்துல இவரு," என்றேன்.

எர்ணாவூர்க்காரர் தோளிலிருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் தோளில் மாட்டினார். கடைசியாக இருந்தது அவளுடைய பை. அதை அவளே வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"உள்ள டிபன் பாக்ஸ் கீது அண்ணாச்சி, சாய்ச்சிடாதீங்க."